ஊசித் தழும்பும் ஊராட்சியின் கடமையும்

காய்ச்சலானாலும் உடல் வலியானாலும், "ஓர் ஊசி போட்டால்தான் தீரும்" என்று கருதுவது நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கமாகும். பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி எடுக்கும் நாளிலும், ஆண்டிமடம் பக்கம் முந்திரி பொறுக்கும் நாளிலும், மறுநாளே வேலைக்குச் செல்ல வேண்டும் என்ற அவசரம் இவ்வழக்கத்தை வளர்க்கிறது. ஊசி உயிர் காக்கும் சாதனமே. எனினும், ஒரே இடத்தில் அடிக்கடி போடப்படும் ஊசியால் விளைவது யாதென உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம்.

தழும்பு உண்டாகும் விதம்

வயலின் குறுக்கே நாள்தோறும் ஒரே தடத்தில் நடந்தால் மண் இறுகிப் பயிர் முளைப்பதில்லை. தசையின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஊசி முனையாலும் மருந்தின் உறுத்தலாலும் சில தசைநார்கள் சேதமுறுகின்றன. இடைவெளி கிடைத்தால் அவை ஆறிவிடும். ஆறுமுன் அங்கேயே மீண்டும் மீண்டும் மருந்து செலுத்தினால், சுருங்கி விரியும் தசைக்குப் பதிலாக நீளாத கெட்டி நார் படிகிறது. தடவினால் அது கட்டியாகத் தென்படும். அதில் மருந்து சீராகப் பரவாது.

குழந்தைகளுக்கு நேரும் கேடு

தசை சிறிதாயுள்ள குழந்தைகளுக்கே ஆபத்து மிகுதி. 1973-ஆம் ஆண்டில், ஜப்பானின் யமனாஷி பகுதியில், முன்னர்த் தொடையில் பலமுறை ஊசி போடப்பட்ட சிறுவர் பலர் முழங்காலை மடக்க இயலாதிருந்தது வெளிப்பட்டது. சாதாரணச் சளி, காய்ச்சலுக்குக்கூட ஊசி போட்டதன் விளைவு அது. புட்டத்துத் தசை இறுகினால் குழந்தையால் முழங்கால்களைச் சேர்த்துக் குந்தவோ, கால்மேல் கால் போடவோ இயலாது. தொடக்கத்திலேயே கண்டால் உடலியக்கப் பயிற்சி பயன் தரக்கூடும். முற்றிய பின் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

நிறுத்தக் கூடாத ஊசி

இதற்கு அஞ்சித் தேவையான ஊசியைக் கைவிடலாகாது. வாதக் காய்ச்சலால் இதயம் பழுதுற்றவர்க்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பல ஆண்டுகள் பென்சிலின் ஊசி போடப்படுகிறது. வலிக்குப் பயந்து நிறுத்தினால் அக்காய்ச்சல் மீண்டும் தாக்கி, இதய வால்வு மேலும் கெடும். குழந்தைகளின் தடுப்பூசிகளையும் தவறாமல் போட வேண்டும்.

ஆதலின் தொடர்ந்து ஊசி பெறுவோர் கைக்கொள்ள வேண்டியவை:

1. ஒருமுறை வலப்புறம், மறுமுறை இடப்புறம் என மாற்றி, தேதியையும் இடத்தையும் குறித்து வைத்தல்.

2. கட்டியுள்ள இடத்தைச் செவிலியரிடம் முன்னரே காட்டி, அங்கே ஊசியைத் தவிர்த்தல்.

3. ஊசியின்போது தசையைத் தளர்த்தி வைத்தல். பென்சிலினை மெதுவாகச் செலுத்துமாறு கேட்டல். பின்னர் சிறிது நடத்தல்.

4. சிவப்பு, சூடு, சீழ், காய்ச்சல் தோன்றினாலோ, கால் மரத்துப் பாதம் தொங்கினாலோ உடனே மருத்துவமனை சேர்தல். கட்டியைப் பிதுக்குவதும் கீறுவதும் கூடா.

இன்சுலின் தோலுக்கடியில் செலுத்தப்படுவதாயினும், அதற்கும் இடம் மாற்றுதல் இன்றியமையாதது. ஒரே இடத்தில் போட்டால் கொழுப்புக் கட்டி உண்டாகி, சர்க்கரை அளவு கட்டுக்கடங்காது போகும்.

ஊராட்சி செய்யக்கூடியவை

கிராம சபைக் கூட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து இச்செய்தியை விளக்கச் செய்யலாம். பயிற்சியும் பதிவும் இல்லாதோர் வீடு தேடி வந்து போடும் ஊசியை ஏற்க வேண்டாமென எடுத்துரைக்கலாம். மாத்திரை போதுமென ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் கூறினால் வற்புறுத்தி ஊசி கேட்கலாகாது. கால் மடங்காத குழந்தை ஊரில் இருப்பின், பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, 2022-இல் தொடங்கப்பெற்ற அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ பெற்றோரை அனுப்பி உதவலாம்.

தேவையற்ற ஊசியை மறுப்பதும், தேவையான ஊசியைத் தவறாது பெறுவதும் இருபுறக் கடமைகள். இரண்டையும் ஊர்தோறும் பரப்புமாறு உறுப்பினர்களை வேண்டுகிறோம்.