பொருந்தாக் குழாய்களை நீரிறைக்கும் பொறியோடு இணைத்தல்

கிணற்றுநீரை இறைத்துத் தோட்டஞ் செய்வோரும், வாய்க்காலிலிருந்து நாற்றுமேடைக்கு நீர் ஏற்றுவோரும் பொறியை ஓரிடத்திலும், குழாயை வேறோரிடத்திலும், இணைப்புத் துண்டுகளைக் கிடைத்த இடத்திலும் வாங்குகின்றனர். அதனால் அவை ஒன்றோடொன்று பொருந்தாமற் போகின்றன. பொருந்தாத இடத்தில் சைக்கிள் இறப்பரைச் சுற்றிக் கட்டுவதும், குழாயை நெருப்பிற் காட்டி விரிப்பதும் வழக்கமாயுள்ளன. இவற்றால் நீர் ஒருவாறு வந்துசேரும். ஆனால் எரிபொருட் செலவு கூடும். 2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததைக் கமக்காரர் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே, பொருந்தாத குழாய்களை முறையாக இணைக்கும் வழியை இங்கு கூறுவோம்.

அளவு கூறும் முறை மூன்று

பொருந்தாமைக்கு முதற் காரணம், ஒரே எண் மூன்று வேறு அளவுகளைக் குறிப்பதாகும்.

1. இரும்புக் குழாய்க்குக் கூறப்படுவது பெயரளவு. 1 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் ஏறக்குறைய 33½ மில்லிமீற்றர். 2 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் ஏறக்குறைய 60 மில்லிமீற்றர்.

2. பி.வி.சி. குழாய்க்கு மில்லிமீற்றரிற் கூறப்படுவது வெளிவிட்டம்.

3. வளையக்கூடிய இறப்பர், பிளாஸ்ரிக் குழாய்களுக்குக் கூறப்படுவது உள்விட்டம்.

இதனை அறியாமையால் நேரும் பெருந்தவறு ஒன்றுண்டு. பொறியின் மேல் “2 அங்குலம், 50 மி.மீ.” என எழுதியிருக்கும். அதைக் கண்டவர் கடையில் 50 மி.மீ. பி.வி.சி. குழாயைக் கேட்டு வாங்குவார். அது 2 அங்குலக் குழாயன்று. 1½ அங்குலக் குழாய். அதன் உட்டுவாரம் ஏறக்குறைய 45 மி.மீ. மட்டுமே. 2 அங்குலத்துக்கு ஈடானது 63 மி.மீ. குழாய். ஒரே அளவு நீரைச் செலுத்தும்போது, 50 மி.மீ. குழாயில் உராய்வினால் ஏற்படும் இழப்பு 63 மி.மீ. குழாயினும் ஏறக்குறைய மும்மடங்காகும். நீண்ட தோட்டத்தில் இது பெரும் நட்டமாகும்.

பி.வி.சி. அளவுகளுக்கு ஈடான அங்குல அளவுகள் வருமாறு: 20 மி.மீ. – ½ அங்குலம். 25 – ¾. 32 – 1. 40 – 1¼. 50 – 1½. 63 – 2.

அங்குல அளவிற் செய்யப்பட்ட 2 அங்குலப் பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் ஏறக்குறைய 60 மி.மீ. ஆகையால் அது 63 மி.மீ. சொக்கற்றுள் தளர்வாகவே நிற்கும். அந்த இடைவெளியைப் பசையால் நிரப்ப முயலாதீர்கள். புரியுள்ள துண்டுகளைக் கொண்டே அவ்விரண்டையும் இணைத்தல் வேண்டும்.

புரிகளைச் சோதித்தல்

எமது நாட்டிற் பெரும்பாலும் வழங்குவது பிரித்தானியப் புரி. வெளிநாட்டுப் பொறிகள் சிலவற்றில் அமெரிக்கப் புரி இருக்கக்கூடும். ½, ¾ அங்குல அளவுகளில் இரண்டிற்கும் அங்குலத்துக்கு 14 புரிகளே உள்ளன. ஆனால் பிரித்தானியப் புரியின் கோணம் 55 பாகை, அமெரிக்கப் புரியின் கோணம் 60 பாகை. ஆதலால் இவை ஒன்றினுள் ஒன்று ஏறினாலும் ஒழுகக்கூடும். 1 அங்குலம் முதல் 2 அங்குலம் வரை பிரித்தானியப் புரி அங்குலத்துக்கு 11. அமெரிக்கப் புரி 11½. இவை சில சுற்றுகள் ஏறி இறுகிவிடும். அப்போது சாவியைப் போட்டு முறுக்கினால் புரி அழியும். கையால் மூன்று நான்கு சுற்றேனும் இலகுவாக ஏறாத துண்டைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

உறிஞ்சு குழாய்

நீரை வெளியே செலுத்தும் குழாய் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சு குழாயில் வெடிப்பிருந்தால் நீர் வெளிவராது, காற்று உட்புகும். பொறி இருமியிருமி நீரைத் தள்ளுவதும், நீரோடு குமிழிகள் வருவதும், ஊற்றிய நீர் இறங்கிவிடுவதும் இதன் அறிகுறிகள். ஆகையால் இப்பகுதியில் இறப்பர்ச் சுற்றை நம்பலாகாது.

உறிஞ்சு குழாய் பொறியின் வாயிலும் சிறிதாயிருத்தல் கூடாது, பெரிதாயிருக்கலாம். பெரிய குழாயைச் சிறிய வாயோடு சேர்க்கும் ஒடுக்கியைக் கடைகளில் றெடியூசர் என்பர். கிடையாகச் செல்லும் உறிஞ்சு குழாயில் மையத்தில் ஒடுங்கும் றெடியூசரைப் போட்டால், அதன் மேற்புறத்திற் காற்றுத் தங்கும். ஒரு பக்கம் தட்டையாயுள்ள றெடியூசர் கிடைத்தால், தட்டைப் பக்கம் மேலே இருக்கும்படி பூட்டுங்கள். கிடையாவிடின், சாதாரண றெடியூசரை நிலைக்குத்தாக ஏறும் பகுதியிற் பூட்டி, அங்கிருந்து பொறிவரை செல்லும் சிறு குழாயை இயன்ற அளவு குறுக்கிக்கொள்ளுங்கள். கிடைக்குழாய் பொறியை நோக்கிச் சற்றே உயர்ந்து செல்லவேண்டும்.

நீர்மட்டத்துக்கும் பொறிக்கும் இடையிலுள்ள உயரம் 6 மீற்றருக்கு மேற்படாதிருத்தல் நன்று. ஆயினும் எண்ணெய்ப் பொறியைக் கிணற்றினுள் இறக்கி இயக்கவே கூடாது. அதன் புகை உள்ளே தங்கி உயிரைப் போக்கும்.

இணைக்கும் முறை

(அ) இரும்பின் வெளிப்புரியைப் பிளாஸ்ரிக்கின் உட்புரிக்குள் முறுக்காதீர்கள், பிளாஸ்ரிக் பிளந்துவிடும். பிளாஸ்ரிக்கின் வெளிப்புரியை இரும்பின் உட்புரிக்குள் ஏற்றுதலே முறை. வெளிப்புரியுள்ள பி.வி.சி. துண்டு “வால்வு சொக்கற்” என்றும், உட்புரியுள்ளது “போசற் சொக்கற்” என்றும் கடைகளில் வழங்கும். பொறியின் வாய் வெளிப்புரியாயின், முதலில் இரும்புச் சொக்கற்றை அதில் ஏற்றி, அதனுள் வால்வு சொக்கற்றை ஏற்றுங்கள்.

(ஆ) புரிக்கு வெள்ளை நாடாவைச் சுற்றும்போது, முனையை உங்கள் முகத்துக்கு நேரே பிடித்து, வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். மாறிச் சுற்றினால் முறுக்கும்போது நாடா கழன்றுவிடும். பிளாஸ்ரிக்கைக் கையால் இறுக்கியபின் சாவியால் ஒன்று அல்லது இரண்டு சுற்றுப் போதும்.

(இ) பி.வி.சி. பசையைப் பூசுமுன் இரு முகங்களையும் துடைத்து உலர்த்துங்கள். இரண்டிலும் பசையை மெல்லியதாகப் பூசி, கால் சுற்றுத் திருப்பி அடிவரை தள்ளி, அரை நிமிடம் அசையாது பிடியுங்கள். மறுநாள் வரை பொறியை இயக்காதீர்கள். பசை எளிதில் தீப்பற்றும். அருகிற் சுருட்டும் விளக்கும் ஆகா.

(ஈ) கறுப்புப் பொலித்தீன் குழாயில் இப்பசை ஒட்டாது. குழாயின் முனையைச் சுடுநீரில் இளக்கி, வரிகளுள்ள மூட்டில் ஏற்றிக் கிளிப்பினால் இறுக்குங்கள்.

(உ) பி.வி.சி. குழாயை நெருப்பில் விரித்தால் அதன் சுவர் மெலிந்து பின்னர் வெடிக்கும். எழும் புகையும் நச்சுடையது. சொக்கற் ஒன்றின் விலை அதனினும் மலிவு.

(ஊ) மூன்று துண்டுகளைத் தொடுத்து அளவை மாற்றுவதிலும் ஒரே துண்டால் மாற்றுவது நன்று. மூட்டுக் குறைந்தால் ஒழுக்குங் குறையும். செலுத்து குழாயை ஒடுக்கவேண்டின், பொறியருகே ஒடுக்காமல் தோட்டத்தின் கடைக்கோடியில் ஒடுக்குங்கள்.

(எ) பொறியருகில் ஒரு யூனியன் பூட்டுங்கள். பழுதுபார்க்கும்போது குழாயை வெட்டவேண்டி வராது.

சோதனை

அடிவால்வு பூட்டிய உறிஞ்சு குழாயை மேலிருந்து நீரால் நிரப்பிக் கால் மணி நேரம் விடுங்கள். நீர்மட்டம் இறங்கினால் மூட்டுகளைப் பாருங்கள். மூட்டுகள் உலர்ந்திருப்பின், பழுது அடிவால்விலாகும். பொறி ஓடும்போது சவர்க்கார நுரையை ஒவ்வொரு மூட்டிலும் தடவுங்கள். நுரை உள்ளிழுக்கப்படும் இடமே காற்றுப் புகும் இடம்.

கடைக்குச் செல்லுமுன்

இணைக்கவேண்டிய இரு முனைகளையும் கழற்றி உடன் கொண்டு செல்லுங்கள். கழற்ற முடியாதாயின் வெளிவிட்டம், உள்விட்டம், உட்புரியா வெளிப்புரியா, அங்குலத்துக்கு எத்தனை புரி, இரும்பா பி.வி.சி.யா பொலித்தீனா என்னும் விபரங்களை எழுதிக்கொள்ளுங்கள். வெளிவிட்டம் அளக்கக் கருவி இல்லையேல், குழாயைச் சுற்றி நூலைப் பிடித்து, அந்நீளத்தை 22/7 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். 63 மி.மீ. குழாய்க்கு நூல் 198 மி.மீ. இருக்கும்; 60 மி.மீ. குழாய்க்கு ஏறக்குறைய 189 மி.மீ. இருக்கும்.

மேலும் ஐயமுள்ளவர்கள் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேட்டறிந்துகொள்ளலாம்.