கெட்டில், கேட், மெஸ் பில்

பொறியியல் கல்லூரி ஒன்றில் விடுதிக் காப்பாளராக நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்ற பேராசிரியர், விடுதி வாழ்க்கை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகன் கோவையில் பொறியியல் முதலாம் ஆண்டு. சளி பிடித்தால் வெந்நீர் குடிக்கட்டுமே என்று நான்தான் கெட்டில் வாங்கிக் கொடுத்தேன். அறைச் சோதனையில் அதைப் பறிமுதல் செய்து, ஆயிரம் ரூபாய் அபராதமும் போட்டுவிட்டார்கள். வெந்நீர் வைத்தது ஒரு குற்றமா?
– ஒரு தாயார், தேனி

பதில்: வெந்நீர் குற்றமில்லை அம்மா, பிளக் பாயின்ட்தான் பிரச்சினை. விடுதி அறையில் மேஜையோரம் இருப்பது பெரும்பாலும் 6 ஆம்பியர் சாக்கெட். மொபைல், லேப்டாப், டேபிள் லைட்டை மனதில் வைத்துப் போட்டது. 65 வாட் லேப்டாப் சார்ஜர் கால் ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். 1500 வாட் கெட்டில் இழுப்பது ஆறரை ஆம்பியர். பழைய கட்டடங்களில் நாலைந்து அறைகளுக்குச் சேர்த்து ஒரே லைன், அதற்கு ஒரு 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் மிகுந்தால் தானே விழும் சுவிட்ச்) என்று இருக்கும். காலையில் மூன்று அறைகளில் ஒரே நேரத்தில் கெட்டில் போட்டால் பத்தொன்பதைத் தாண்டிவிடும், எம்.சி.பி. விழக்கூடும். விழுந்தால் நல்லது. அடிக்கடி விழுகிறதே என்று யாராவது பெரிய எம்.சி.பி.யை மாட்டிவிட்டால், அப்புறம் சூடாவது சுவருக்குள் போகிற ஒயர்.

சாக்கெட்டின் வெள்ளை முகம் முதலில் டீக்கறை நிறத்துக்கு வரும். பிறகு துளையைச் சுற்றி பிளாஸ்டிக் இளகி உள்வாங்கும். பிளக்கைப் பிடுங்கினால் பின் கையைச் சுடும். அறைச் சோதனைக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். கெட்டிலை ஒன்பது துணிக்கு அடியில் ஒளித்து வைத்தாலும் சாக்கெட் காட்டிக் கொடுத்துவிடும்.

கெட்டிலாவது கொதித்ததும் தானே அணையும். வாளியில் போடுகிற ஹீட்டர் ராடு அணையாது. போட்டதை மறந்தால் வாளி உருகும். சுவிட்சை அணைக்காமல் சூடு பார்க்கக் கையை விட்டால் உயிரே போகலாம். மகனிடம் அது இருந்தால் வார்டனுக்கு முன்னால் நீங்கள் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அபராதம் வேறு விஷயம். அந்தத் தொகை விடுதி விதிப் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறதா, கட்டியதற்கு ரசீது உண்டா என்று கேளுங்கள். கெட்டில் உங்கள் பொருள்; செமஸ்டர் முடிவில் திருப்பித் தர வேண்டும். கூடவே, தளத்துக்கு ஒரு வெந்நீர் இயந்திரம் வைக்கச் சொல்லி நாலு பெற்றோர் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். அதைச் செய்யாத நிர்வாகம் வருஷம் முழுக்கக் கெட்டில் பொறுக்கிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

கேள்வி: நான் முதலாம் ஆண்டு மாணவன். சீனியர் அண்ணன்கள் அடிப்பதில்லை, திட்டுவதில்லை. பழைய கேள்வித்தாள் தருகிறார்கள், காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனார்கள். ஆனால் அவர்கள் ரெக்கார்டு நோட்டை நாங்கள்தான் எழுதுகிறோம். பேசும்போது சட்டையின் மூன்றாவது பட்டனைப் பார்த்துத்தான் பேச வேண்டும். வாரம் ஒரு நாள் பரோட்டா வாங்கித் தர வேண்டும். இது ராகிங்கா, பாசமா?
– பெயர் வேண்டாம், சேலம்

பதில்: ராகிங்தான் தம்பி. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த ராகிங் தடுப்பு விதிமுறைகளை யாராவது முழுக்கப் படித்தால் ஆச்சரியப்படுவார்கள். அடிதடி மட்டும் அதில் இல்லை. சீனியருக்குக் கொடுத்த பாட வேலையை ஜூனியரைச் செய்ய வைப்பது தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. வற்புறுத்திச் செலவு செய்ய வைப்பதும் இருக்கிறது. வெட்கமோ அவமானமோ வரும்படி ஒருவரை எதையாவது செய்யச் சொல்வதும் இருக்கிறது. ஆக உங்கள் ரெக்கார்டு நோட்டு, பரோட்டா, பட்டன் மூன்றும் உள்ளே வந்துவிட்டன. சாதி, நிறம், ஊர், வசதி பார்த்து ஒருவரை ஒதுக்குவதையும் 2016-இல் ஒரு திருத்தம் சேர்த்துவிட்டது.

தமிழ்நாட்டுக்கு அதற்கும் முன்பே தனிச் சட்டம் உண்டு. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். மறு ஆண்டே ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங்கில் ஈடுபட்டாலும் துணைபோனாலும் இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனை உறுதியானால் கல்லூரியிலிருந்து நீக்கம், வேறெங்கும் சேரவும் முடியாது. அந்தக் கொலை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வர 2011 ஆனது. நாவரசோடு படித்தவர்கள் அதற்குள் டாக்டர்களாகிக் குடும்பஸ்தர்களாகியிருப்பார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதை நான் சிறுமைப்படுத்தவில்லை. நல்ல சீனியர் விடுதிக்கு ஒரு வரம். அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அடுத்த முறை நோட்டை நீட்டும்போது, “அண்ணா, நாளைக்கு இன்டர்னல் இருக்கு, முடியாது” என்று சொல்லிப் பாருங்கள். “சரிடா, போய்ப் படி” என்றால் கவலையில்லை. முகம் மாறினால், அறைக் கதவு தட்டப்பட்டால், அன்றைக்கே துணைக் காப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மழுப்பினால் ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். ராகிங் குற்றம் நடந்தது தெரிந்தால் கல்லூரித் தலைவர் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும் என்பதும் அந்த மானியக் குழு விதிமுறையில்தான் இருக்கிறது. இதை எல்லா முதல்வர்களும் அறிவார்கள். அதனால்தான் சிலர் புகாரை “சமாதானமாப் போயிடுங்கப்பா” என்று முடிக்கப் பார்ப்பார்கள்.

அட்மிஷன் நாளில் நீங்களும் உங்கள் அப்பாவும் ராகிங் செய்ய மாட்டோம் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்திருப்பீர்கள். அதே பத்திரத்தை அந்த அண்ணன்களும் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு உங்களுக்கும் ஜூனியர் வருவார்கள் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் பெண்கள் விடுதி கேட் மாலை 6.30-க்கு மூடப்படுகிறது. ஆண்கள் விடுதிக்கு 9.30. நூலகம் 8 மணி வரை திறந்திருக்கிறது. கேட்டால் “உங்கள் பாதுகாப்புக்காகத்தான்” என்கிறார்கள். எதுவும் செய்ய முடியாதா?
– முதுகலை மாணவி, திருச்சி

பதில்: முடியும். நீங்கள் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டிய தாள், பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்காக மானியக் குழு 2016 மே மாதம் அரசிதழில் வெளியிட்ட விதிமுறை. மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது என்று அதில் நேரடியாகவே இருக்கிறது. 2015-இல் டெல்லி மாணவிகள் ‘பிஞ்ச்ரா தோட்’ என்ற பெயரில் தெருவுக்கு வந்ததும் இதே கேட் விவகாரத்துக்காகத்தான்.

கேரளத்தில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரவு 9.30 கட்டுப்பாட்டை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு நடக்கும்போதே, 2022 டிசம்பரில், அரசு ஒரு உத்தரவு போட்டது. 9.30-க்குக் கேட் மூடுவது ஆண், பெண் இரு விடுதிக்கும் ஒன்று. இரண்டாம் ஆண்டு முதல் தாமதமாக வருபவர்கள் பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே போகலாம். அங்கே 9.30-ஐ எதிர்த்து வழக்கு, உங்களுக்கு 6.30!

வார்டன் அம்மாவை வில்லியாக நினைக்க வேண்டாம். இருட்டி அரை மணி ஆனால் “என் பொண்ணு ரூமுக்கு வந்துட்டாளா” என்று போன் போடுகிற பெற்றோர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். அதனால் முதல் மனுவிலேயே உங்கள் பெற்றோரின் கையெழுத்தும் இருக்கட்டும். நூலகம் மூடும் நேரத்தைக் குறிப்பிட்டு, அதற்கு அரை மணி கழித்துக் கேட் மூடச் சொல்லுங்கள். நூலகத்திலிருந்து விடுதி வரை விளக்கு எரிகிறதா, காவலர் நிற்கிறாரா என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பாதுகாப்பு என்று நிர்வாகம் சொன்னால், அந்தப் பாதையில் செலவு செய்யட்டும். ஒரு எச்சரிக்கை: ‘இருவருக்கும் ஒன்றாக்குங்கள்’ என்று மட்டும் எழுதினால், பையன்கள் கேட்டையும் ஆறரைக்கு மூடிவிட்டு ‘சமத்துவம்’ என்று சொல்லும் கெட்டிக்கார நிர்வாகங்களும் உண்டு.

கேள்வி: விடுதியில் மாலை படிப்பு நேரத்தில் செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சட்டப்படி சரியா?
– மாணவி, நாகர்கோவில்

பதில்: கோழிக்கோடு பக்கத்துக் கல்லூரி விடுதி ஒன்றில் மாலை 6 முதல் இரவு 10 வரை போனை ஒப்படைக்கச் சொன்னார்கள். மறுத்த மாணவியை வெளியேற்றினார்கள். ஃபஹீமா ஷிரின் வழக்கு என்று பெயர். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் சேர்ந்தது என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்கும்படி 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுக் கல்லூரியை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டலாம். அடுத்தவருக்குத் தொந்தரவாகப் பேசாமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

கேள்வி: ஐந்து நாள் ஊருக்குப் போய்வந்தேன். மெஸ் பில்லில் ஒரு பைசா குறையவில்லை. சாப்பிடாத சோற்றுக்கு ஏன் காசு?
– மூன்றாம் ஆண்டு மாணவன், மதுரை

பதில்: போகும் முன் ரிடக்‌ஷன் (சாப்பிடாத நாள்களுக்கான கழிவு விண்ணப்பம்) எழுதிக் கொடுத்தீர்களா? கொடுக்கவில்லை என்றால் சமையல்காரர் கணக்கில் நீங்கள் விடுதியில்தான் இருந்தீர்கள். முதல் நாள் இரவுக் கணக்கை வைத்துத்தான் மறுநாள் அரிசி களைகிறார்கள்.

பகிர்வு முறை மெஸ்ஸில் கணக்கு இப்படி. மாதச் செலவு முழுவதையும் எல்லோரும் சாப்பிட்ட மொத்த நாள்களால் வகுத்தால் நாள் ரேட். உதாரணத்துக்கு 300 பேர், 30 நாள், 9,000 சாப்பாட்டு நாள். செலவு 10,80,000 ரூபாய் என்றால் நாளுக்கு 120. இதில் 60 பேர் ஐந்தைந்து நாள் சொல்லாமல் போய்விட்டு அப்புறம் கழிவு கேட்டால், சோறு ஏற்கெனவே வடித்தாகிவிட்டது, செலவு குறையாது. நாள் மட்டும் 8,700 ஆகிவிடும். ரேட் 124-ஐத் தொடும். உங்கள் கழிவை ஊருக்குப் போகாதவன் கட்டுகிறான். அதனால்தான் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும், குறைந்தது இத்தனை நாள் தொடர்ந்து இருக்க வேண்டும் என்று விதி வைக்கிறார்கள். முறையாக எழுதிக் கொடுத்தும் கழிக்கவில்லை என்றால் அது வேறு கதை, விடமாட்டேன் என்று நில்லுங்கள்.

என் அனுபவத்தில் பில் ஏறுவது ரிடக்‌ஷனால் அல்ல. காய்கறிக் கொள்முதலிலும் கணக்கில் வராத விருந்தாளிகளிலும்தான் ஏறும். மெஸ் கமிட்டியில் சேருங்கள். காலையில் காய்கறி வண்டி வரும்போது தராசு பக்கத்தில் ஒரு மாணவன் தூக்கக் கலக்கத்தோடு நின்றாலே போதும், தக்காளி எடை சரியாகிவிடும். எல்லோரும் மெஸ் கமிட்டி வேண்டும் என்பார்கள். ஐந்தரை மணிக்கு எழுந்து வர மட்டும் ஆள் கிடைக்காது.

கேள்வி: அறைத்தோழி இரவு இரண்டு மணி வரை போனில் பேசுகிறாள். சொன்னால் சண்டை. அறை மாற்றிக் கேட்கலாமா?
– மாணவி, சென்னை

பதில்: கேட்கலாம், ஆனால் அது கடைசி. முதலில் பகலில், சாப்பிட்ட பிறகு பேசுங்கள். இரவு ஒரு மணிக்குச் சொல்லும் எதுவும் சண்டையாகத்தான் முடியும். “நீ பேசாதே” என்று சொல்லாமல், “பதினொன்றுக்கு மேல் வராந்தாவில் பேசிக்கொள், லைட்டை நான் அணைத்துவிடுகிறேன்” என்று கேளுங்கள். அவளும் உங்கள் ஐந்து மணி அலாரத்தைப் பற்றி ஏதாவது சொல்வாள், கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்தும் அதேதான் என்றால் வார்டனிடம் போங்கள். புகாராக இல்லாமல், அறை மாற்ற விண்ணப்பமாக.

கேள்வி: நான் புதிதாகத் துணைக் காப்பாளர் பொறுப்பேற்ற உதவிப் பேராசிரியர். அறைச் சோதனையில் மாணவர்களின் அலமாரியைத் திறக்கலாமா?
– விருதுநகர் மாவட்டம்

பதில்: அறை கல்லூரியுடையது, அலமாரிக்குள் இருப்பது அவனுடையது. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று சொல்லியாகிவிட்டது. நான் வைத்துக்கொண்ட வழக்கத்தைச் சொல்கிறேன். எதற்காகத் தேடுகிறோம் என்பது உள்ளே நுழையும் முன் தெரிந்திருக்க வேண்டும். அறைக்காரன் எதிரில் இருக்க வேண்டும், திறப்பது அவன் கை. நம் பக்கம் இரண்டு பேர், பெண்கள் விடுதி என்றால் இருவரும் பெண்கள். எடுத்ததை எழுதி அவனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். டைரி, கடிதம், போன் பக்கம் போகவே கூடாது. கஞ்சா மாதிரி ஏதாவது கிடைத்தால் நீங்கள் போலீஸ் ஆக வேண்டாம். முதல்வரிடம் சொல்லிப் போலீஸை வரவழையுங்கள்.

அலமாரியைவிட மெஸ் வருகைப் பதிவேடு உங்களுக்கு அதிகம் சொல்லும். ஊருக்கும் போகாமல், மூன்று நாளாக மெஸ்ஸுக்கும் வராமல் ஒருவன் இருந்தால், அன்று சாயங்காலமே அவன் அறைக்குப் போங்கள். விசாரணையாக வேண்டாம், “சாப்பிட்டியா” என்று கேட்டால் போதும். தேவைப்பட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணை நீங்களே போட்டுக் கொடுங்கள். நோட்டீஸ் போர்டில் அந்த எண்ணை ஒட்டிவிட்டதோடு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள்.

கேள்வி: மகளைக் கல்லூரிக்கு வெளியே தனியார் விடுதியில் சேர்க்கப் போகிறோம். ஒரிஜினல் சான்றிதழ் கேட்கிறார்கள், மாத வாடகை 7,000-க்கு மேல் ஜி.எஸ்.டி.யும் கேட்கிறார்கள்.
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: சேர்க்கும் முன் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதிக்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரியே பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-இல் மானியக் குழு சொல்லிவிட்டது. விடுதிக்காரருக்கு அது எதற்கு? நகல் போதும். தொடர்ந்து 90 நாளாவது தங்குபவருக்கு மாதம் 20,000 ரூபாய் வரை விடுதிக் கட்டணத்துக்கு 2024-லிருந்து ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. எந்த விதியின்படி கேட்கிறார் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். முன்பணம் எவ்வளவு, காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதை ரசீதின் பின்னால் எழுதி வாங்கிவிட்டுப் பெட்டியை இறக்குங்கள்.