ஒப்படைத்த பிறகும் ஏன் அடித்துக்கொள்கிறது?

கேள்வி: எனக்கு 61 வயது. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவருக்கு இரண்டு வருடமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அவர் குடிக்கிற தண்ணீரைக்கூட டம்ளரில் அளந்துதான் கொடுக்கிறேன். சனிக்கிழமைதோறும் ஸ்ரீரங்கம் போய், ‘ரங்கா, எல்லாம் உன் பொறுப்பு’ என்று ஒப்படைத்துவிட்டு வருகிறேன். ஆனாலும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வருகிறவரை நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அவருக்கு மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்க்கிறேன். ‘உனக்கு நிஜமான சரணாகதி இல்லை. இருந்தால் மிஷினை நிறுத்திவிட்டு அவன் மேல் பாரத்தைப் போட்டிருப்பாய்’ என்கிறார் என் நாத்தனார். அவர் சொல்வது சரியா? விட்டுவிடுவது என்றால் என்னதான் செய்யவேண்டும்?
– வாசகி, திருச்சி

பதில்: அம்மா, மிஷினை நிறுத்தாதீர்கள். மற்றதை அதற்கப்புறம் பேசலாம்.

நீங்கள் சனிக்கிழமைதோறும் போகும் அதே கோயிலில் நடந்ததைச் சொல்கிறேன். 1323-இல் டில்லி சுல்தானின் படை திருவரங்கத்தின் மேல் வந்தது. அப்போது அங்கே இருந்தவர் பிள்ளை லோகாசாரியர். சரணாகதியைப் பற்றி அவரைவிடத் தீவிரமாகப் பேசியவர் குறைவு. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல் பெருமாளே நம்மைக் கொண்டு போவான், குட்டி செய்ய ஒன்றும் இல்லை என்று தென்கலையார் சொல்வார்களே, அந்தக் கொள்கைக்கு ஆணிவேர் அவர் எழுத்துதான். அப்படிப்பட்டவர், ‘அவன் பார்த்துக்கொள்வான்’ என்று கைகட்டி உட்காரவில்லை. தள்ளாத வயதில் உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே கிளம்பினார். மூலவர் சன்னிதியை மறைத்துச் சுவர் எழுப்பினார்கள். வேதாந்த தேசிகரோ, ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்துக்கு உரையான சுருதப்பிரகாசிகையின் சுவடியைக் காப்பாற்ற, பிணங்களுக்கு நடுவே பிணமாகப் படுத்திருந்தார் என்கிறது குருபரம்பரை. குட்டிதான் தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்னும் குரங்கு உவமையை வடகலையார் கட்சிக்குச் சொல்வார்கள். அந்தக் கட்சியின் ஆசாரியர் இவர். உவமையில் வேறுபட்டார்கள். ஆபத்து வந்த அன்று இரண்டு பேரும் வேலைதான் செய்தார்கள்.

லோகாசாரியர் வழியிலேயே, மதுரைப் பக்கத்தில் ஜோதிஷ்குடியில் காலமானார். நம்பெருமாள் அரங்கத்துக்குத் திரும்பியது 1371-இல், 48 வருடம் கழித்து. தூக்கிக்கொண்டு போனவர் திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை. உங்கள் டம்ளர் கணக்கும் டயாலிசிஸ் நடையும் அந்தச் சுவர் எழுப்பிய வேலையைச் சேர்ந்தவை. எத்தனை வருடம் என்பது உங்கள் கணக்கில் இல்லை.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பெருமாளிடம் கொடுத்துவிட்டு வருவது மனு. ‘இவரைக் காப்பாற்று’ என்ற மனு. அது பாவமில்லை, மனைவி கேட்காமல் வேறு யார் கேட்பது? ஆனால் மனு கொடுத்தவர் கவுன்ட்டருக்குத் திரும்பத் திரும்பப் போய் ‘என்னாச்சு’ என்று விசாரிப்பார். அது மனுவின் சுபாவம். ஒப்படைப்பு வேறு. தேசிகர் வழியில் அதற்குப் பரந்யாசம் என்று பெயர். பரம் என்றால் சுமை, பொறுப்பு. அந்த ஆசாரியர்கள் அதைப் பெரும்பாலும் மோட்சத்துக்காகச் சொன்னார்கள், கிரியாட்டினின் அளவுக்காக அல்ல. ஆனால் அதன் உள்கணக்கு உங்களுக்கும் பொருந்தும். நம் பொருளை அவனிடம் தருவதில்லை, அவன் பொருளை, அதைக் காக்கும் பொறுப்போடு சேர்த்து, அவனிடமே திருப்பித் தருகிறோம். உங்கள் கணவர் உங்களுக்கு மாலையிடுவதற்கு வெகுகாலம் முன்பே அவனுடையவர். நாற்பது வருடம் பக்கத்தில் படுத்தவரை இப்படி நினைப்பது எளிதென்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று. வாராவாரம் ஒப்படைக்கிறீர்கள். பரந்யாசம் ஒரே முறைதான் என்பது தேசிகர் வழி. இதற்குச் சுந்தரகாண்டத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்வார்கள். அனுமனை இந்திரஜித் பிரம்மாஸ்திரத்தால் கட்டிவிட்டான். அரக்கர்களுக்கு அது போதவில்லை; சணலும் நாருமாகக் கொண்டுவந்து இன்னொரு கட்டுப் போட்டார்கள். இரண்டாவது கட்டு விழுந்ததும் முதல் கட்டு தானே கழன்றது. பிரம்மாஸ்திரம் வேறு கட்டைப் பொறுக்காது. கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் இழுத்துப் பார்க்கிறீர்களே, அதுதான் அந்தச் சணல் கயிறு. லோகாசாரியர் இன்னும் ஒரு படி மேலே போவார்: ‘என் சரணாகதி என்னைக் காப்பாற்றும்’ என்று நினைப்பதே தப்பு, காப்பாற்றுவது அவன், உன் சரணாகதி அல்ல. என் சரணாகதி அசலா போலியா என்று நீங்கள் எனக்கு எழுதிக் கேட்கிறீர்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கேள்வியே பொருட்டில்லை.

நெஞ்சு அடித்துக்கொள்வதைப் பற்றி: ரயிலில் ஏறியும் மூட்டையைத் தலையில் வைத்திருப்பவன் கதையை ரமணர் ‘நான் யார்?’ நூலில் சொல்கிறார். உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். நல்ல உதாரணம்தான். ஆனால் மூட்டையை இறக்கி வைத்தவனுக்கும் கழுத்து வலி அன்றைக்கே போய்விடாது. இரண்டு வருடம் சுமந்த கழுத்து. படபடப்பு உடம்பின் பழக்கம், பக்தியின் மார்க் ஷீட் அல்ல. தூக்கம் அறவே போனால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் எழுந்து பாருங்கள், தப்பில்லை. மூச்சு சீராக இருந்தால் திரும்பிப் படுங்கள். விடியும்வரை காவல் உட்காராதீர்கள். முடிந்தால் பங்குனி உத்திரத்தன்று கோயிலுக்குப் போங்கள். நம்பெருமாளும் ரங்கநாயகித் தாயாரும் சேர்த்தியில் இருப்பது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். ராமானுஜர் சரணாகதி கத்யம் விண்ணப்பித்ததும் அந்த நாளில்தான். இன்றைக்கும் அங்கே அதைச் சேவிக்கிறார்கள். கூட்டம் நெரியும். ஒரு ஓரமாக நின்று கேளுங்கள். அன்று மட்டும் எதையும் கேட்காமல் வாருங்கள்.

நாத்தனாரோடு வாதாட வேண்டாம். அவரும் பயத்தில்தான் பேசுகிறார், கூடப்பிறந்தவர் அல்லவா. ஆனால் ‘உடம்புக்குக் குளிர்ச்சி’ என்று இளநீர் சீவி எடுத்துக்கொண்டு வந்தால், பொட்டாசியம் ஏறிவிடும் என்று சொல்லி அவரையே குடிக்கச் சொல்லுங்கள். எந்தக் கலை ஆசாரியரும் அதற்குத் தடை சொல்லவில்லை.