மகனை இழந்த மன்னன்
இராவணனின் துயரமும் உளப்போராட்டமும்

ஓட்டமாவடியிலிருந்து மட்டக்களப்பு நகரை நோக்கிச் செல்லும் வீதியில் கிரான், சித்தாண்டி, வந்தாறுமூலை ஆகிய ஊர்கள் வருகின்றன. கூத்தை நன்கு அறிந்த மண் இது. இங்கு ஆடப்படும் வடமோடிக் கூத்துகளில் போரும் வீரமுமே பெரிதும் இடம்பெறும். அந்த வீரனின் நெஞ்சுக்குள் நடக்கும் போரைப் பற்றி இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

1964ஆம் ஆண்டு பேராசிரியர் சு. வித்தியானந்தன், பேராதனையில் மாணவர்களைக் கொண்டு ‘இராவணேசன்’ என்னும் வடமோடி நாடகத்தை மேடையேற்றினார். அதை எழுதியவர் மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு. விடிய விடிய ஆடும் கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் கைவிடாமல், அதைச் சுருக்கி, இராவணனை ஓர் அவல வீரனாக அவர்கள் நிறுத்தினார்கள்.

அவல வீரன் என்பவன் யார்? முழுவதும் நல்லவனும் அல்லன், முழுவதும் தீயவனும் அல்லன். பெருமையில் உயர்ந்து நின்று, தன் தவறொன்றினாலேயே வீழ்பவன் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் விளக்கினார். அவனைக் காணும்போது நமக்கு இரக்கமும் உண்டாகிறது, அச்சமும் உண்டாகிறது. சேக்ஸ்பியரின் மக்பெத்தும் லியர் மன்னனும் இவ்வகையினரே. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யில் சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழருக்கு விளக்கியுள்ளார்.

கம்பனின் இராவணன்

கம்பராமாயணத்தில் முதல்நாள் போரில் தோற்று, வெறுங்கையோடு இலங்கைக்குத் திரும்புகிறான் இராவணன். உலகம் சிரிக்குமே என்று அவன் வருந்தவில்லை. சீதை சிரிப்பாளே என்றுதான் நாணுகிறான். நாணம் வந்துவிட்டது, மனமாற்றம் வரவில்லை.

வீடணன் புத்தி சொன்னான், கும்பகருணனும் சொன்னான். இறுதியில் பெற்ற மகன் இந்திரசித்தே, சீதைமேல் வைத்த ஆசையை விட்டுவிடும்படி தந்தையிடம் கேட்கிறான். தோற்றாலும் என் பேர் நிற்கும் என்று அதை மறுத்துவிடுகிறான் இராவணன். மகன் போருக்குப் போகிறான், திரும்பி வரவில்லை.

போர்க்களத்தில் தேடிச் சென்று, தலையற்ற உடலைக் கண்டு புலம்புகிறான் தந்தை. மகன் தனக்குச் செய்ய வேண்டிய இறுதிக் கடனைத் தான் மகனுக்குச் செய்ய நேர்ந்ததே என்று கதறுகிறான். அவனை அரக்கன் என்று வெறுத்தவர்களும் இவ்விடத்தில் இரங்காமல் இருக்க முடியாது.

ஆனால் அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். மகனை இழந்ததற்குத் தன் பிடிவாதமும் காரணம் என்று ஒப்புக்கொள்ள அவனால் முடியவில்லை. துயரம் சினமாகிறது. சீதையை வெட்ட வாளோடு ஓடுகிறான். பெண்கொலைப் பழி வரும் என்று மகோதரன் சொன்ன பிறகே நிற்கிறான். பேருக்காக மகனை இழந்தான். வாளைத் தாழ்த்தியதும் அந்தப் பேருக்காகவே. தந்தையாக நின்று அழும் நெஞ்சை, அரசனாக நின்ற நெஞ்சு அழவிடவில்லை. இதுவே அவனுடைய உளப்போராட்டம்.

களரி தரும் விளக்கம்

இப்போராட்டத்தைக் காட்டக் கூத்தில் இயல்பாகவே ஒரு வழி உண்டு. கூத்தன் ஓர் அடியைப் பாடியதும் பிற்பாட்டுக்காரர் அதைத் திரும்பப் பாடுவர். வரவின்போது அது அரசனின் பெருமையை முழங்கும். புலம்பலின்போதோ, தான் சொன்ன சொல்லையே பிறர் வாயால் அவன் கேட்க வேண்டியிருக்கிறது. மனச்சாட்சி பேசுவதும் அப்படித்தான் அல்லவா?

நமக்கான பாடம்

2009 வரை நீடித்த போரிலும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் நம் பகுதியில் பல. அவர்களுடைய இழப்பு அவர்கள் செய்த தவறால் வந்ததன்று; இராவணனோடு அவர்களை ஒப்பிடுவது தகாது. ஆயினும் ஓர் ஒற்றுமை உண்டு. அழ வழியில்லாத துயரம் வேறு வழி தேடும். சில வீடுகளில் அது மனைவிமேல் சினமாகவும், வேறு சில வீடுகளில் எஞ்சிய பிள்ளைகள்மேல் கடுமையாகவும் வெளிப்படுகிறது. “ஆம்பிளை அழக்கூடாது” என்று சொல்லியே பல தகப்பன்மாரின் கண்ணீரை நாம் அடைத்துவிட்டோம்.

துயருற்றவருக்கு முதலில் வேண்டியது புத்திமதி அன்று. பக்கத்தில் இருந்து கேட்கும் ஒருவர். இறந்தவரின் பேரை வீட்டில் தடையின்றிச் சொல்ல விடுங்கள். இராவணனுக்குப் படை இருந்தது, மந்திரிகள் இருந்தார்கள். அவனோடு இருந்து அழுவதற்கு மண்டோதரியும் இருந்தாள். அவளுடைய அழுகையை அவன் கேட்டான். ஆனால் அவள் பக்கத்தில் இருக்கவில்லை, வாளை எடுத்தான்.

குடும்பமாகச் சிந்திக்க:
1. மகனின் சொல்லை இராவணன் கேளாதது ஏன்?
2. நம் வீட்டில் பேசாமல் மூடிவைத்த துயரம் ஏதும் உண்டா? அதை யார் தனியே சுமக்கிறார்?