நோயுற்ற மாலுமியின் உரிமை

கரையில் பணிபுரியும் ஒருவருக்கு உடல்நலம் குன்றினால், அவர் மருத்துவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். நடுக்கடலில் இருக்கும் மாலுமிக்கு அந்த வாய்ப்பு இல்லை. நோய் முற்றினால் முன்பின் அறியாத ஒரு துறைமுகத்தில் அவர் இறக்கிவிடப்படலாம். அப்போது மருத்துவச் செலவை யார் ஏற்பது? வேலை செய்ய இயலாத நாள்களுக்கு ஊதியம் உண்டா?

இக்கேள்விகள் புதியவை அல்ல. இடைக்கால ஐரோப்பாவில் வழங்கிய ஒலெரோன் கடற்சட்டங்கள் இவற்றுக்கு அன்றே விடை கூறின. நோயுற்ற மாலுமிக்குக் கரையில் தங்குமிடமும் விளக்கொளியும் தந்து, அவரைக் கவனிக்க ஓர் ஆளையும் அமர்த்த வேண்டும். அவர் நலமடைந்ததும் சேரவேண்டிய ஊதியத்தைக் கொடுக்க வேண்டும் என அவை விதித்தன.

இன்று அப்பாதுகாப்பை அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வழங்குகிறது. 2006ஆம் ஆண்டில் உருவான இவ்வுடன்படிக்கை, 2013 ஆகஸ்டு 20ஆம் நாள் நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் இதனை ஏற்றுள்ளன.

இதன்படி, பணிக்காலத்தில் நோயுற்றவரின் சிகிச்சை, மருந்து, உணவு, தங்குமிடம் ஆகியவற்றின் செலவைக் கப்பல் உரிமையாளர் ஏற்க வேண்டும். மாலுமி கப்பலில் இருக்கும்வரை அல்லது தாயகம் அனுப்பப்படும்வரை முழு ஊதியம் உண்டு. அதன்பின், குணமடையும்வரை முழு ஊதியமோ அதில் ஒரு பகுதியோ கிடைக்கும். இப்பொறுப்புக்கு நாடுகள் கால வரம்பு விதிக்கலாம். ஆனால், அது 16 வாரங்களுக்குக் குறையக்கூடாது.

எனினும், வேலையில் சேரும்போது வேண்டுமென்றே மறைத்த நோய்க்கு இச்சலுகையை மறுக்கலாம். வேலை கிடைக்காதோ என்று அஞ்சி நோயை மறைப்பவர், உதவி மிகவும் தேவைப்படும் வேளையில் அதனை இழக்க நேரிடும்.

உரிமை கோருவதற்குச் சான்றுகளும் தேவை. நோயின் அறிகுறி தெரிந்தவுடன் மாலுமி அதனைக் கப்பல் தலைவரிடம் தெரிவித்துப் பதிவுசெய்ய வேண்டும். பணி ஒப்பந்தம், மருத்துவ அறிக்கை, கட்டண ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். கப்பலிலேயே முறையிட்டும் தீர்வு கிடைக்காவிட்டால் துறைமுக அதிகாரிகளையும் நீதிமன்றத்தையும் நாடலாம். ஊதியப் பாக்கிக்காகக் கப்பலையே துறைமுகத்தில் தடுத்துவைக்க ஆணையிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. சட்டம் தரும் இப்பாதுகாப்பு, அதனை அறிந்து உரிய நேரத்தில் கேட்பவருக்கே முழுமையாகப் பயன்படும்.