பழைய மோட்டார் சைக்கிள்களில் சிறு போல்ட்டுகளை முடுக்கும் முறை

பால், காய்கறி, உரமூட்டை முதலியவற்றை ஏற்றிச் செல்ல நமது சங்க அங்கத்தினர் பலர் பழைய மோட்டார் வண்டிகளையே நம்பியிருக்கின்றனர். 1956 முதல் திருவொற்றியூரில் செய்யப்பட்ட புல்லட், 1980-ல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50, 1996-உடன் உற்பத்தி நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகியவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. இவை நின்றுவிடுவதற்குப் பெரிய பழுதே வேண்டுமென்பதில்லை. இஞ்சின் மூடியிலுள்ள சிறு போல்ட் ஒன்றை அளவுக்கு மிஞ்சி முடுக்கி, மரையை அழித்துவிட்டாலே போதும். எண்ணெய் ஒழுகும், வண்டி நிற்கும், காலைப் பால் சங்கத்துக்கு வந்து சேராது. சில ரூபாய் பெறும் போல்ட்டினால் ஒரு நாள் வருமானமும் லேத்துப் பட்டறைக் கூலியும் நஷ்டமாகும். இதைத் தவிர்க்கும் வழி யாதென்று கவனிப்போம்.

போல்ட் பிடிக்கும் விதம்

முடுக்கும்போது போல்ட் மயிரிழையளவு நீளுகிறது. நீண்டது மீண்டும் சுருங்க முயல்வதால் இரு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. வண்டிப் பாரத்தைக் கட்டிய கயிற்றை இதற்கு ஒப்பிடலாம். அளவோடு இழுத்துக் கட்டினால் பாரம் அசையாது; அளவு மீறினால் கயிறு அறும். போல்ட் எஃகினால் ஆனது. இஞ்சின் கூடோ பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. ஆகையால் பலம் மிஞ்சும்போது பல சமயங்களில் முதலில் அழிவது கூட்டிலுள்ள மிருதுவான மரையேயாம்.

வேண்டிய பலம்

ஒரு மீட்டர் நீளமுள்ள கோலின் நுனியை ஒரு கிலோ எடைக்குச் சமமான பலத்துடன் இழுப்பதை ஒரு கிலோகிராம்-மீட்டர் என்பர். அலுமினியக் கூட்டில் 5 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் அரையும், 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 0.8 முதல் 1 வரையும், 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 2-ம் போதுமானவை. வண்டியின் பராமரிப்புப் புத்தகத்தில் வேறு அளவு கூறியிருப்பின் அதுவே பிரமாணம்.

6 மில்லிமீட்டர் போல்ட்டின் தலைக்குப் பெரும்பாலும் 10-ஆம் நம்பர் ஸ்பானர் பொருந்தும். 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியைப் பலசாலி ஒருவர் 25 கிலோ பலத்துடன் எளிதில் இழுத்துவிடுவார். அது வேண்டிய அளவைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

ஸ்பிரிங் தராசு உள்ளவர்கள் கைக்குப் பழக்கம் தர ஓர் உபாயம் உண்டு. போல்ட்டின் நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் தூரத்தில் ஸ்பானரில் கயிற்றைக் கட்டி, தராசின் கொக்கியை அதில் மாட்டி, ஸ்பானருக்குச் செங்கோணமாக இழுக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் போல்ட்டாயின் தராசு 8 முதல் 10 கிலோ காட்டியவுடன் நிறுத்திவிட வேண்டும். நான்கைந்து முறை செய்தால் கை தானே அளவை அறியும்.

கவனிக்க வேண்டியவை

1. இஞ்சின் ஆறிய பிறகே முடுக்க வேண்டும். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிவடையும்.

2. கழற்றும்போது, எந்தத் துளையிலிருந்து எந்தப் போல்ட் வந்ததென்று குறித்து வைக்க வேண்டும். குட்டையான போல்ட்டை நீளமான போல்ட்டின் இடத்தில் போட்டால் சில மரைகளே பிடிக்கும். அவை எளிதில் அறுந்துபோகும்.

3. துளையிலுள்ள மண்ணையும் எண்ணெயையும் துடைக்க வேண்டும். அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருந்தால், போல்ட் அதை நெருக்கிக் கூட்டையே விரியச் செய்யக்கூடும்.

4. புத்தகத்தில் கூறினாலன்றி மரையில் எண்ணெய் தடவலாகாது. முடுக்கும் முயற்சி பத்துப் பங்காயின் சுமார் ஒன்பது பங்கு உராய்விலேயே செலவாகிறது. எண்ணெய் உராய்வைக் குறைப்பதால், அதே இழுப்பில் போல்ட் மிகுதியாக நீண்டுவிடும்.

5. முதலில் விரலாலேயே திருக வேண்டும். சற்றுப் பின்னோக்கித் திருப்பி, மரை மரையில் விழுவதை உணர்ந்தபின் முன்னோக்கித் திருப்பினால் மரை மாறி ஏறாது.

6. போல்ட்டின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பானரையே உபயோகிக்க வேண்டும். ஸ்பானரில் குழாயை மாட்டி நீட்டலாகாது.

7. எதிரெதிரான போல்ட்டுகளை மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றுகளில் முடுக்க வேண்டும்.

8. பழைய புல்லட்டில் அங்குலக் கணக்கு மரைகளும் உண்டு. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். அத்துளையில் 6 மில்லிமீட்டர் போல்ட் தடையின்றி நுழைந்து பொருந்தியதுபோல் தோன்றும். முடுக்கும்போது மரையைக் கிழித்துவிடும்.

ஒழுகல் நிற்காவிடில்

அளவாக முடுக்கியும் எண்ணெய் ஒழுகினால் மேலும் முடுக்குவது பரிகாரமன்று. மூடியைக் கழற்றி, இரு முகங்களையும் சுத்தஞ்செய்து, புதிய பேக்கிங் வைக்க வேண்டும். மரை அழிந்திருந்தால் தடித்த போல்ட்டைப் பலவந்தமாக ஏற்றலாகாது. பட்டறையில் துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, எஃகுக் கம்பிச்சுருள் பொருத்தினால் பழைய அளவுப் போல்ட்டே மீண்டும் பிடிக்கும்.

அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றைத் தனித்தனியே வாங்குவது பலருக்குச் சிரமம். சங்கத்தின் பொதுவில் ஒன்று வாங்கி, பதிவேட்டில் குறித்து, அங்கத்தினர் முறையே எடுத்து உபயோகிக்கலாம். கார் சக்கரத்துக்கான பெரிய கருவி இவ்வேலைக்கு உதவாது. அரை கிலோகிராம்-மீட்டர் முதல் அளக்கும் சிறிய கருவியையே கேட்டு வாங்க வேண்டும்.