துரவு மீன் இரை தின்னாவிடில்

எழுவான்கரையின் மணற்பாங்கான தோட்டங்களிலே துரவு வெட்டிக் கத்தரி, மிளகாய், கீரை முதலியவற்றுக்கு நீர் இறைக்கும் கமக்காரர் பலர். அத்துரவிலோ முற்றத்துச் சீமெந்துத் தொட்டியிலோ சில திலாப்பியா மீன்களைப் பிள்ளைகளின் விருப்பத்துக்காக வளர்ப்பதும் உண்டு. தென்கிழக்கு ஆபிரிக்காவுக்கு உரிய இம்மீன் 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. பாசி, தவிடு, புண்ணாக்கு எதனையும் தின்று, எளிதில் சாகாது வாழும் இயல்பினது. இத்தகைய மீன் இரையை விட்டு விலகி நிற்குமாயின் அதனை அற்பமாக எண்ணலாகாது. மீனுக்கு வந்த குறை பெரும்பாலும் நீருக்கு வந்த குறையே. அந்நீரே பயிருக்கும் குளிப்புக்கும் பயன்படுகின்றது.

1. இரையை நிறுத்துக

பசியால் வாடுமென்று மேலும் இரை இடுவது தவறு. தின்னாத தவிடு அழுகும். அதனால் நீரிலுள்ள பிராணவாயு குறைந்து, அமோனியா என்னும் நச்சுப் பொருள் பெருகும். வளர்ந்த மீனுக்கு இரண்டு நாட் பட்டினி கேடு செய்யாது. எஞ்சிய இரையை வலையால் அள்ளி அகற்றுக.

2. விடியுமுன் பார்க்க

பாசி பகலில் வெயிலொளியால் பிராணவாயுவை உண்டாக்கும். இரவில் மீனைப்போலத் தானும் அதனைச் செலவிடும். ஆகவே, விடியற்காலையிலேயே நீரில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். பெரும்போக மழைக்காலத்தில் முகில் மூடிய நாட்களில் இக்குறை மேலும் மிகும். அவ்வேளை மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினால், காரணம் இதுவே. நீரில் நான்கிலொரு பங்கை இறைத்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சிவிட்டு, தூய நீரை உயரத்திலிருந்து சிதறும்படி ஊற்றுக. குழாய்நீராயின் அகன்ற திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்தபின் ஊற்றுக. வாவியின் உவர்நீரைச் சேர்த்தலாகாது.

3. தெளித்த மருந்தை நினைக்க

அண்மையில் பயிருக்குப் பூச்சிநாசினி தெளித்தீர்களா? தெளிகருவியைத் துரவின் அருகே கழுவினீர்களா? சிலவகை நாசினிகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். மீன்கள் நிலைதடுமாறி நீந்தினாலோ, ஒருங்கே பல இறந்தாலோ, அந்நீரைக் குடித்தலும் சமைத்தலும் குளித்தலும் கூடா. ஆடுமாடுகளுக்குக் கொடுத்தலும் கூடாது. அம்மீனை உண்ணவும் வேண்டாம். மருந்தின் பெயர் ஒட்டிய போத்தலுடன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை உடனே காண்க. இனிமேல் தெளிகருவியை நீர்நிலைக்குத் தொலைவில் கழுவுக.

4. தாய்மீனை அறிக

ஏனைய மீன்கள் நன்கு தின்ன, ஒன்று மட்டும் ஒதுங்கி நின்று, அதன் தொண்டைப் பகுதி புடைத்திருந்தால் அது நோயன்று. இவ்வினத்துப் பெண்மீன் தன் முட்டைகளை வாயினுள்ளே வைத்துப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளையும் அங்கேயே காக்கும். ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று வாரம் அது இரை கொள்வதில்லை. பிடித்துத் தொந்தரவு செய்தால் முட்டைகளை உமிழ்ந்துவிடும். அதனைத் தன்போக்கில் விடுக.

5. மீண்டும் இரையிடல்

மீன்கள் சுறுசுறுப்பாக நீந்தத் தொடங்கியபின், சிறிதளவு இரையை வெயில் ஏறிய பிறகு இடுக. பத்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதுமானது. நாள்தோறும் இரையிடும் பொழுது சற்று நின்று பார்ப்பவர், நீரின் கேட்டைப் பயிரும் பிள்ளைகளும் பாதிக்கப்படுமுன் அறிந்துகொள்வர்.